பாட்டுக்கு ஒரு பெட்டகம்

மற்றக் கலைகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் சங்கீதக் கலைக்கு உண்டு. சிற்பி செதுக்கிய சிலை கோயில் மண்டபத்தில் ஆயிரம் வருஷம் நிற்கிறது. சித்திரக்காரர் தீட்டிய சித்திரம் சுவரில் நிற்கிறது. கவிஞர் இயற்றிய கவிதை ஏட்டில் நிற்கிறது. பாடகர் பாடிய பாட்டோ, பாடி முடித்த கணத்திலேயே காற்றோடு கலந்துவிடுகிறது. அதைப் பிடித்து நிறுத்தி வைப்பதற்கு மனிதன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகிகளின் குரலைப் பதிவு செய்தார். ஒலிப்பதிவுக்கு மைக் வராத காலம் அது. பாடுகிறவர் ஒரு பெரிய குழலின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உரத்த குரலில் பாட வேண்டும். மெழுகுத் தட்டில் சுமார் மூன்று நிமிஷத்துக்குத்தான் இடம் இருக்கும்; ஆலாபனை, பாட்டு எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப் பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகரத்துக்குப் போய், அங்கே இசைத் தட்டுகளாக அச்சாகித் திரும்பி வந்தன.

இன்றைய நிலைமையே வேறு. வீட்டில் ஒரு சிறிய அறை, ஒரு நல்ல மைக், மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் கருவி, ஒரு லேப்டாப் – இவ்வளவும் இருந்தால் வீடே ஒலிப்பதிவு நிலையம் ஆகிவிடுகிறது. பாட்டு வகுப்புக்குப் போகும் பெண்ணும், வயலின் வாசிக்கும் பிள்ளையும், ஓய்வு பெற்ற பிறகு மிருதங்கத்தைத் தூசி தட்டி எடுத்த தாத்தாவும் தங்கள் கலையைத் தாங்களே பதிவு செய்துகொள்கிறார்கள். இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் ஒரு வேடிக்கை. மைக் வாங்குவதற்கு மூன்று மாதம் யோசிக்கிறவர்கள், அந்த மைக் வழியே வந்த பாட்டு எங்கே போய்த் தங்கப் போகிறது என்பதைப் பற்றி ஐந்து நிமிஷங்கூட யோசிப்பதில்லை. கடைக்காரர் எடுத்து நீட்டியதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அல்லது, பெட்டியின் மேல் எந்த எண் பெரிதாக அச்சிட்டிருக்கிறதோ அதையே நல்லது என்று நினைத்து, வேண்டாத வேகத்துக்கு வேண்டிய பணத்தைக் கொட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பாட்டுத் தங்கும் அந்த இடத்துக்கு ஹார்ட் டிஸ்க் என்றும், எஸ்.எஸ்.டி. என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடங்களில் நாம் 'பெட்டகம்' என்றே சொல்லுவோம். எந்தப் பெட்டகம் எதற்கு ஏற்றது, எத்தனை வேண்டும் என்பதை இனிப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவர்களானதால் நாம் எதையும் கணக்கிலிருந்துதான் தொடங்குவது வழக்கம். வாசகர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டர் ஒலியை எப்படிப் பதிவு செய்கிறது? மைக்கில் வந்து மோதும் ஒலியை ஒரு விநாடியில் 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. ஒவ்வோர் எண்ணும் 24 பிட், அதாவது 3 பைட் இடம் பிடிக்கும். ஆகவே ஒரு மைக்கில் பதிவாகும் ஒலி, விநாடிக்கு 1,44,000 பைட். நிமிஷத்துக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் பைட். மணிக்கணக்கில் சொன்னால், ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். நல்ல தரமான வீட்டு ஒலிப்பதிவுக்கு இந்த அளவு தாராளமாகப் போதும்.

ஒரு சிறிய கச்சேரியை எடுத்துக்கொள்வோம். பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று – மொத்தம் ஆறு. ஆறு மைக்கும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். வேகம் என்று பார்த்தால், விநாடிக்கு ஒரு மெகாபைட் கூட இல்லை. மெல்லிசைக் குழுவைப் போல நாற்பது தடங்களில் பதிவு செய்தாலும் விநாடிக்கு ஆறு மெகாபைட்டைத் தாண்டாது.

இனி, கடையில் உள்ள பெட்டகங்களின் வேகத்தைப் பார்ப்போம். லேப்டாப்பில் வைக்கும் மிகச் சாதாரணமான ஹார்ட் டிஸ்க், விநாடிக்குச் சுமார் 100 மெகாபைட் எழுதும். எஸ்.எஸ்.டி.யில் பழைய வகை 550 மெகாபைட் வரையில் போகும். என்.வி.எம்.இ. என்னும் புது வகை 3,500, 7,000 என்றெல்லாம் பாய்கிறது. நமக்கு வேண்டியதோ ஒன்று. அதிகம் போனால் ஆறு! ஆழாக்கு அரிசி அளப்பதற்கு மரக்கால் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

இங்கே பழைய கதை ஒன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனியார் 1956-ல் வெளியிட்டார்கள். இரண்டு அடி குறுக்களவுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. பெரிய பீரோவைப் போன்ற அந்த யந்திரத்தில் 50 லட்சம் எழுத்துக்கள் அடங்கின. நம்முடைய கணக்குப்படி அதில் ஒரு மைக்கின் ஒலியை அரை நிமிஷங்கூடப் பதிவு செய்ய முடியாது. வித்வான் தொண்டையைக் கனைத்துச் சுருதி சேர்த்துக்கொள்வதற்குள் பீரோ நிறைந்துபோயிருக்கும். இன்று கட்டைவிரல் அளவுள்ள பென் டிரைவில் நூற்றுக்கணக்கான மணி நேரத்துப் பாட்டு அடங்கிவிடுகிறது.

எனவே, குரலையும் வாத்தியத்தையும் பதிவு செய்வதற்கு மட்டும் என்றால், வேகத்துக்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனாலும் வேகம் அவசியமாகும் இடம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ள, பெட்டகங்களின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

சுழலும் தட்டும் சுழலாத சில்லும்

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுப் பூசிய தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 தடவையோ 7,200 தடவையோ சுழல்கின்றன. கிராமபோன் முள்ளைப்போல ஒரு கை அவற்றின்மேல் இங்கும் அங்கும் அசைகிறது. முள் தட்டைத் தொடும். இந்தக் கை தொடாமல், மயிரிழையை விட மிக மெல்லிய காற்று இடைவெளியில் மிதந்துகொண்டே படிக்கும், எழுதும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கை நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வந்து சேருவதற்கு ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே ஆகிறது.

இது மிகச் சிறிய நேரந்தான். ஆனால் நாற்பது தடங்கள் உள்ள பாட்டை ஒரே சமயத்தில் கேட்கும்போது, நாற்பது கோப்புகள் தட்டில் நாற்பது இடத்தில் கிடக்கும். பந்தியில் ஒரே பரிசாரகர் நாற்பது இலைக்கும் ஓடி ஓடிப் பரிமாறுவதுபோல் அந்தக் கை ஓட வேண்டும். கெட்டிக்காரப் பரிசாரகர் ஒவ்வோர் இலையிலும் முன்கூட்டியே தாராளமாகப் பரிமாறிவிட்டுப் போவார் அல்லவா? ஒலிப்பதிவு சாஃப்ட்வேரும் அப்படியே சில விநாடிக்கு வேண்டியதை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆகையால் சாதாரண வேலை ஹார்ட் டிஸ்க்கிலும் நடந்துவிடும்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை. அசையும் கையும் இல்லை. கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்து, அதன் அளவைக் கொண்டு எண்களைக் குறிக்கிறார்கள். எந்த அறையில் உள்ளதையும் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும்.

இந்தக் குணம் எப்போது அவசியமாகிறது? வாத்திய நூலகங்களை உபயோகிக்கும்போது. வீட்டில் பியானோ இருக்காது. ஐம்பது பேர் வயலின் வாசிக்கும் கோஷ்டியும் இருக்காது. ஆனால் பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் பலமாகவும் பல விதத்தில் அழுத்தி, தனித்தனியே பதிவு செய்து விற்கிறார்கள். ஒரே வாத்தியத்துக்குப் பல ஜிகாபைட், பல பத்து ஜிகாபைட் என்று போகும். கீபோர்டில் இரண்டு கையாலும் ஒரு தடவை அழுத்தினால், அந்த நொடியிலேயே பத்து இருபது துண்டு ஒலிகள் ஓடிவந்து நிற்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் இங்கே மூச்சு வாங்கும், ஸ்வரங்கள் விட்டுப்போகும். எனவே வாத்திய நூலகம் வைத்திருப்பவர்களுக்கு எஸ்.எஸ்.டி. கட்டாயம் வேண்டும். அதிலும் 550 மெகாபைட் வகையே பெரும்பாலோருக்குப் போதும். பெரிய கோஷ்டி இசையை அமைக்கிறவர்களுக்கு என்.வி.எம்.இ. வகை, நூலகம் திறப்பதற்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக் கொடுக்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது, அது டி.எல்.சி. வகையா, க்யூ.எல்.சி. வகையா என்று கேட்க வேண்டும். முதல் வகையில் ஒவ்வோர் அறையிலும் மின்னூட்டத்தை எட்டு நிலைகளாகப் பிரித்து அளக்கிறார்கள். இரண்டாவதில் பதினாறு நிலைகளாக. ஒரே படியில் எட்டுக் கோடு கிழித்து அளப்பது சுலபம். பதினாறு கோடு கிழித்து அளந்தால் கைக்கு நிதானம் வேண்டும். அதனால் க்யூ.எல்.சி. வகை விலை குறைவாயிருந்தாலும், பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது சிறிது நேரத்தில் களைத்து வேகம் குறைந்துவிடுகிறது, தேய்மானமும் அதிகம். நூலகத்தை ஒரு தடவை எழுதிவிட்டுப் படித்துக்கொண்டே இருப்பதற்கு அது போதும். தினமும் பதிவு செய்யும் வேலைக்கு டி.எல்.சி. நல்லது.

'எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே!' என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு டெராபைட் டி.எல்.சி. வகைக்கு 600 டெராபைட் எழுதும் வரையில் உத்தரவாதம் கொடுப்பது சாதாரணமாகக் காணப்படுகிறது. தினந்தோறும் 20 ஜிகாபைட் பதிவு செய்தாலும் அது தீர 30,000 நாள், அதாவது 82 வருஷம் ஆகும். குழந்தை பிறந்த அன்று வாங்கிக் கொடுத்தால் அதன் சதாபிஷேகம் வரையில் போதும்! பெட்டகத்தின் மற்ற உறுப்புகள் அவ்வளவு காலம் தாங்கமாட்டா என்பது வேறு விஷயம். தேய்மானத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே நாம் சொல்ல வருவது.

ஹார்ட் டிஸ்க் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அது சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்பது. இரண்டாவது வகையில், ஓட்டுக் கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறிக்கொண்டிருக்கும். இதனால் கொள்ளளவு கூடுகிறது. ஆனால் நடுவில் உள்ள ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதுபோல், பழைய எழுத்தை அழித்துத் திருத்தி எழுதும்போது வேலை இழுக்கிறது. எழுதி மூடி வைப்பதற்கு எஸ்.எம்.ஆர். போதும்; நேரடியாகப் பதிவு செய்வதற்கு ஆகாது.

இன்னும் இரண்டொரு சில்லறை விஷயங்கள். வெளியே இருந்து கேபிள் வழியாக இணைக்கும் பெட்டகத்தை எப்.ஏ.டி.32 என்னும் பழைய முறையில் அமைத்திருந்தால், ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. சாதாரண வேவ் கோப்பின் எல்லையும் அதுதான். விநாடிக்கு 96,000 தடவை அளந்து இரண்டு தடங்களை ஒரே கோப்பாகப் பதிவு செய்தால், இரண்டு மணி நான்கு நிமிஷத்தில் அந்த எல்லை வந்துவிடும். கச்சேரி ராகம் தானம் பல்லவியில் நிற்கும், கோப்பு நிறைந்திருக்கும். நீண்ட பதிவுக்கு முன்னால், பயன்படுத்தும் சாஃப்ட்வேர் இதைச் சமாளிக்கிறதா என்று பரீட்சித்துக்கொள்வது நல்லது. பென் டிரைவில் நேரடியாகப் பதிவு செய்யவே கூடாது. ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு எடுத்துப் போவதற்குத்தான் அது.

எந்தப் பெட்டகமானாலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வைத்திருக்க வேண்டும். முழுவதும் நிறைந்த எஸ்.எஸ்.டி., சாமான் அடைத்த வீட்டைப்போல. ஒன்றை எடுக்க ஒன்பதை நகர்த்த வேண்டியிருக்கும்.

இரண்டு நிஷாதத்துக்கு நடுவே

வேகத்தைத் தவிர, வீட்டு ஒலிப்பதிவில் எஸ்.எஸ்.டி.யின் பெரிய குணம் மௌனம். பெரிய நிலையங்களில் யந்திரங்களுக்கு ஓர் அறை, வித்வானுக்கு ஓர் அறை என்று பிரித்திருப்பார்கள். வீட்டில் எல்லாம் ஒரே அறைதான். மைக்குக்கு மூன்று முழத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும்.

நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டு, விநாடிக்கு 120 தடவை சுழல்கிறது. அதன் ரீங்காரமும் அதே 120 அதிர்வுள்ள ஸ்வரமாக வெளிப்படும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 131 அதிர்வு. கணக்குப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கின் ஸ்வரம் அந்த ஷட்ஜத்துக்கு ஒன்றரை ஸ்வரஸ்தானம் கீழே, அதாவது காகலி நிஷாதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் சரியாக நடுவில் விழுகிறது! எந்த ராகத்திலும் சேராத இந்த நிஷாதம், தம்புராவை மேஜையின் அருகே சாய்த்து வைத்தால் மர மேஜையின் வழியே ஏறி மைக்கில் புகுந்துவிடும். பாடும் அறையில் சுழலும் தட்டு வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் பதிவு செய்யும் வேளையில் அதைக் கழற்றி வைத்துவிடலாம்.

ஒரு பெரியம்மாவின் பாட்டுக்கள்

இதுவரை சொன்னவற்றை எல்லாம் வாசகர்கள் மறந்துவிட்டாலும் பாதகமில்லை. இனிமேல் சொல்லப் போவதை மறக்காமல் இருந்தால் போதும்.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவருக்கு எண்பது வயது கடந்த பெரியம்மா இருந்தார். ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, ஓடப் பாட்டு, தாலாட்டு என்று அறுபது பாட்டுக்கு மேல் அந்த அம்மாளுக்குப் பாடம். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத பாட்டுக்களும் அவற்றில் இருந்தன. அன்பர் நான்கு மாத காலம் ஞாயிறுதோறும் பெரியம்மாவை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். லேப்டாப்பில் இடம் குறைவு என்பதால் பதிவுகளை எல்லாம் வெளியே இணைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தார். ஒரு நாள் வீட்டுக் குழந்தையின் காலில் கேபிள் மாட்டியது. பெட்டகம் சுழன்றுகொண்டிருந்த நிலையிலேயே மேஜையிலிருந்து தரையில் விழுந்தது. தட்டுக்கு மேலே மிதந்துகொண்டிருந்த கை தட்டின்மேல் உரசிவிட்டது. அழிந்ததை மீட்டுக் கொடுப்பவர்களிடம் கொண்டு போனதில், பணம் பல ஆயிரம் செலவாகி, ஒன்பது பாட்டு மட்டும் திரும்பி வந்தது. மறுபடியும் பாடச் சொல்லிக் கேட்பதற்குள் பெரியம்மா காலமாகிவிட்டார்.

இப்போது நம்முடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறுபது பாட்டு, பாட்டுக்கு நான்கு நிமிஷம், ஒரே மைக். மொத்தம் இரண்டு ஜிகாபைட்! கடையில் கிடைக்கும் மிகச் சிறிய பென் டிரைவில் அடங்கிப் போயிருக்கும். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் கிடந்திருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இடத்திலேயே ஏற்றி வைத்திருக்கலாம். அந்த அன்பரின் பெட்டகத்துக்கு வேகம் குறைவில்லை, இடமும் குறைவில்லை. இரண்டாவது பிரதி ஒன்றுதான் இல்லை.

எத்தனை பிரதி?

ஹார்ட் டிஸ்க்குகளை லட்சக்கணக்கில் ஓட்டிவரும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி, அவற்றில் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கைப் பல வருஷங்களாக வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரையில் இருக்கிறது. குளிர்ந்த, தூசியில்லாத கூடங்களில் ஓடும் பெட்டகங்களின் கணக்கு இது. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரே பிரதி வைத்திருப்பவர் இந்த வருஷத்தில் அதை இழப்பதற்கு ஐம்பதில் ஒரு பங்கு வாய்ப்பு. தனித்தனியான இரண்டு பெட்டகத்தில் வைத்திருந்தால், இரண்டும் ஒரே வருஷத்தில் போவதற்கு 2,500-ல் ஒன்று. மூன்றில் வைத்திருந்தால் 1,25,000-ல் ஒன்று. ஒரு பெட்டகத்துக்குப் பதில் இன்னும் விலை உயர்ந்த ஒரு பெட்டகம் வாங்குவதால் இத்தகைய பாதுகாப்பு வராது.

ஆனால் இந்தப் பெருக்கலில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பெட்டகங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பழுதாக வேண்டும். மூன்றையும் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டினால், திருடன் மூன்றையும் சேர்த்தே எடுத்துப் போவான். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில், கீழ்த்தளத்து அலமாரிகளில் இருந்ததெல்லாம் சேர்ந்தே நனைந்தன. பெரிய கம்பெனிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி ஹாலிவுட்டில் யூனிவர்ஸல் ஸ்டூடியோவில் தீப்பிடித்தபோது, அங்கே ஒரு கட்டடத்தில் வைத்திருந்த மூல ஒலிநாடாக்கள் பல எரிந்துபோயின. நஷ்டத்தின் அளவு பற்றி 2019-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று விரிவாக எழுதிய பிறகே உலகம் அதை அறிந்தது. எவ்வளவு என்பதைப் பற்றித் தர்க்கம் எழுந்ததே தவிர, எரிந்தவை எரிந்தவைதான்.

ஆகவே, பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரசித்தப்படுத்திய ஒரு விதியை நாமும் கைக்கொள்ளலாம். மூன்று பிரதி, இரண்டு விதமான பெட்டகம், ஒரு பிரதி வேறு இடத்தில். மூன்று – இரண்டு – ஒன்று. குழந்தைகள்கூட ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு தட்டிலும் ஒரே சமயத்தில் எழுதும் ரெய்டு என்னும் ஏற்பாட்டைச் சிலர் இதற்குப் பதிலாக நினைக்கிறார்கள். அது கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போன்றது. ஒரு தட்டுப் பழுதானால் மற்றது வேலையை நிறுத்தாமல் நடத்தும், உண்மை. ஆனால் கை தவறி ஒரு பாட்டை அழித்தால், பிம்பத்திலும் அதே கணத்தில் அழிந்துவிடும். அதைப் பிரதி என்று கொள்ளக் கூடாது.

எதை வாங்கலாம்?

பாட்டும் பக்கவாத்தியமும் மட்டும் பதிவு செய்யும் வீட்டுக்கு, லேப்டாப்பில் உள்ள எஸ்.எஸ்.டி.யே பதிவுக்குப் போதும். அதை இன்னும் வேகமானதாக மாற்ற எண்ணி ஒதுக்கிய பணம் இருந்தால், அதற்கு வெளியே இணைக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு வாங்குங்கள். ஒரே கம்பெனியில் ஒரே நாளில் இரண்டையும் வாங்காமல், வெவ்வேறு கம்பெனியாகப் பார்த்து வாங்குவது நலம். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றது தங்கை வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொண்டு வரலாம்.

வாத்திய நூலகங்களைக் கொண்டு இசை அமைப்பவர்களுக்கு, கம்ப்யூட்டரின் சொந்த வேலைக்கு ஓர் எஸ்.எஸ்.டி., நூலகத்துக்கும் நடப்பு வேலைக்கும் இன்னோர் எஸ்.எஸ்.டி., முடிந்த வேலையை வைப்பதற்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது சௌகரியம். நூலகம் போனால் மறுபடியும் வாங்கியோ இறக்கியோ கொள்ளலாம். சொந்தப் பதிவு போனால் போனதுதான். ஆகவே பிரதி எடுப்பதில் சொந்தப் பதிவுக்கே முதல் மரியாதை.

வருஷக் கணக்கில் அலமாரியில் மூடி வைப்பதற்கு எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல. மின்சாரம் பாயாமல் நெடுநாள் கிடந்தால் அறைகளில் உள்ள மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடக் கூடும். அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்கே உகந்தது. அதையும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஓட்டி, நாலைந்து பாட்டைத் திறந்து கேட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை புதிய பெட்டகத்துக்கு மாற்றி எழுதிவிட வேண்டும். நெல் விதையை ஆண்டுதோறும் வெயிலில் உலர்த்தி வைக்கும் குடியானவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இது.

மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் யு.பி.எஸ். இல்லாமல் பதிவு செய்ய வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புச் சிதைந்துவிடும். வேலை முடிந்ததும் சாஃப்ட்வேரின் சொந்தக் கோப்போடு நின்றுவிடாமல், ஒவ்வொரு தடத்தையும் வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். சாஃப்ட்வேர்கள் வரும், போகும். வேவ் கோப்பு எங்கும் திறக்கும். பாடியவர் பெயர், ராகம், தேதி, இடம் இவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். 'புதிய பதிவு 47' என்ற பெயரில் கிடக்கும் பாட்டு, இருந்தும் இல்லாததற்குச் சமானம்.

கடைசியாக ஒரு வழக்கம். பதிவு முடிந்த இரவே, மைக்கைச் சுருட்டி வைப்பதற்கு முன்பே, ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். ஆறு மைக்கில் ஒரு மணி நேரம் பதிவானதை எடுக்க, சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. இணையத்தில் ஏற்றுவதானால், விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இருபத்தொரு நிமிஷம். வித்வானுக்குக் காப்பி கொடுத்து வழியனுப்பிவிட்டு வருவதற்குள் ஏறிவிடும்.

வாசகர்களின் வீட்டில் பாட்டியின் குரலோ, குருநாதரின் குரலோ, குழந்தையின் முதல் கீதமோ ஏற்கெனவே ஒரே பெட்டகத்தில் இருக்குமானால், எந்தப் பெட்டகம் சிறந்தது என்ற ஆராய்ச்சியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கிடக்கும் பென் டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்து, இன்றிரவு அதில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.